ஊருக்கு நாலு பிள்ளைகள்

(செட்டியார்பட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



முதல் ஷிப்ட் விட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல், தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களை வெட்டிய கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். உங்களை வெகுநேரம் நிறுத்தி வைக்க உத்தேசமில்லை. கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றி இன்றைக்குப் பேச்சில்லை. அதற்கு வேறு கூட்டம் உண்டு. இன்று நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும், அந்த உடம்பைக் காக்க அந்தப் பிள்ளைகளையே பழக்குவது பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

ஒரு பெண்ணின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறோம். பதினேழு வயது. கோன் வைண்டிங்கில் வேலை. எந்த மில் என்பது இங்கே முக்கியமில்லை, பெண்ணின் பெயரும் வேண்டாம். ஒருநாள் ராத்திரி ஷிப்டில் மெஷின் பக்கத்திலேயே சரிந்து விழுந்துவிட்டாள். விழுந்த இடம் நல்ல இடம். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் கை போயிருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. மாதாமாதம் வயிற்று வலி வரும்போது வேலை நிற்கக் கூடாது என்று மேற்பார்வைக்காரர் ஒரு மாத்திரை கொடுப்பாராம். உறை கிடையாது, பெயர் கிடையாது. "என்ன மாத்திரை அம்மா?" என்று கேட்டோம். "வெள்ளை மாத்திரை" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இது அந்த ஒரு பெண்ணின் கதை மட்டுமல்ல. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துச் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நூறு பெண்கள் அளவில் சந்தித்துக் கேட்டு எழுதினார்கள். மாதவிலக்கு வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்கியதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். உலகம் முழுக்க அந்தச் செய்தி போயிற்று.

ஆனால் நம்மை உறுத்தியது மாத்திரை மட்டுமல்ல. அந்தப் பெண்ணிடம், "இத்தனை நாளாக மயக்கம் வந்ததே, யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டோம். "சொன்னேண்ணே. பக்கத்து மெஷின் பிள்ளைகிட்ட சொன்னேன். எனக்கும் அப்படித்தான் வருது, எல்லாருக்கும் வரும், விடுன்னு சொன்னா" என்றாள்.

தோழர்களே, கவனியுங்கள். அவள் அம்மாவிடம் போகவில்லை. நர்ஸம்மாவிடம் போகவில்லை. சங்கத்துக்கும் வரவில்லை. பக்கத்து மெஷின் பிள்ளையிடம் போனாள். அந்தப் பிள்ளைக்கும் அதே நோய். ஒரே வியாதிக்காரர்கள் இருவர் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மெஷின் பிள்ளைக்கு நாலு விஷயம் தெரிந்திருந்தால் இவள் விழுந்திருக்க மாட்டாள். இன்றைக்கு நாம் சொல்ல வந்ததே அதுதான். பக்கத்து மெஷின் பிள்ளைக்கு, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு, பக்கத்துப் பாத்தியில் களை எடுக்கிற பிள்ளைக்கு அந்த நாலு விஷயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இது நாம் கண்டுபிடித்த யோசனை அல்ல. மத்திய சர்க்கார் 2014 ஜனவரி 7ஆம் தேதி வளரிளம் பருவத்தினருக்கென்று தேசிய சுகாதாரத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், விஷயம் எளிது. ஆயிரம் பேர் கொண்ட ஊருக்கு நாலு பிள்ளைகள், பெண் இரண்டு, ஆண் இரண்டு, 15 முதல் 19 வயதுக்குள். அவர்களுக்கு ஆறு நாள் பயிற்சி. பிறகு அவர்கள் தங்கள் வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சாப்பாடு, மாதவிலக்கு, மனக்கஷ்டம், போதைப் பழக்கம், அடிதடி, காயம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றையும் பேச வேண்டும். வடக்கே அந்தப் பிள்ளைகளை 'சாத்தியா' என்கிறார்கள். கூட்டாளி என்று அர்த்தம்.

2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்த நாட்டில் 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் 25 கோடி. இத்தனை பேருக்கும் எந்தச் சர்க்காராலும் டாக்டரைத் தேடிப்பிடித்து உட்காரவைக்க முடியாது. ஆகவே பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லலாம் என்ற யோசனை சரியான யோசனைதான். நல்லதை யார் செய்தாலும் நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் காகிதத்தில் இருப்பது தெருவுக்கு வந்ததா? இங்கே கூடியிருப்பவர்களைக் கேட்கிறோம். உங்கள் தெருவில் அந்த நாலு பிள்ளைகள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் காணோம். சரி.

திட்டம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. ரத்த சோகை குறைந்ததா? 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 54 பேருக்கு ரத்த சோகை. 2019-21இல் எடுத்த அடுத்த கணக்கில் 59 பேருக்கு! ஏறியிருக்கிறதே ஒழிய இறங்கவில்லை. அதே வயது ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேர். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து இல்லாமலா இப்படி? இல்லை. நீல மாத்திரை இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை, வாரத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள். படிப்பை விட்ட பெண்களுக்கு அங்கன்வாடியில் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் பதினாறு வயதில் மில்லுக்குப் போய்விட்ட பெண் பள்ளிக்கூடத்திலும் இல்லை, அங்கன்வாடிக்கும் வருவதில்லை. இரண்டு பட்டியலிலிருந்தும் தவறிப்போகிறாள். பள்ளியில் வாங்குகிற பிள்ளையாவது விழுங்குகிறதா? பாதி மாத்திரை ஜன்னல் வழியே போகிறது. கேட்டால், "குமட்டுது", "வெளிக்குப் போனால் கறுப்பாப் போகுது, பயமா இருக்கு" என்கிறார்கள்.

இங்கேதான் நம் நாலு பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. இரும்புச் சத்து உள்ளே போனால் மலம் கறுக்கத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் அது உபதேசம். "நானும் போட்டேன், எனக்கும் கறுப்பாத்தான் போச்சு, ஒண்ணும் ஆகலை" என்று கூட்டாளி சொன்னால் அது அனுபவம். வெறும் வயிற்றில் போடாதே, சாப்பிட்ட பிறகு போடு. மாத்திரையோடு டீ குடிக்காதே, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, கிடைத்தால் ஈரல், முட்டை. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அதற்கப்புறமும் மயக்கம் நிற்கவில்லையென்றால் நர்ஸம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ. இதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டுமா? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது வராதா? சினிமாப் பாட்டு ஐந்நூறு மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைகள்!

1971இல் வங்காள தேசத்திலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் அகதிகளாக எல்லை தாண்டி வந்தார்கள். பங்காவ் என்ற இடத்தில் முகாம். காலரா. நரம்பில் ஏற்றுகிற மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரைச் சத்தையும் அளந்து கலந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஊற்றிக் கொடுத்தவர்கள் யார்? நோயாளியின் தாய், அண்ணன், தங்கை. சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. சொந்தக்காரர்கள் கையில் ஒரு கிளாஸும் சரியான அளவும் இருந்ததால் வந்த பலன் அது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. இந்தக் கணக்கு நம் ஊரில் எத்தனை வீட்டில் தெரியும்? உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரியில் பொட்டலமாகவே சும்மா கொடுக்கிறார்கள் என்பதாவது தெரியுமா?

வயல்வேலைக்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்து பாம்பு. கடித்தால் நாம் என்ன செய்கிறோம்? மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம், பிளேடால் கீறுகிறோம், வேர் கொடுக்கிறவரைத் தேடுகிறோம். மூன்றும் தப்பு. கட்டினால் கால் அழுகும், கீறினால் ரத்தம் நிற்காது, தேடினால் நேரம் போகும். கடித்த கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், 108க்குச் சொல்லி விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் அறிவிப்பு வரப்புக்கு வந்து சேர வேண்டுமே! களத்தில் நிற்கும் பையன் ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், கயிறு தேடி ஓடுகிற பெரியப்பாவைத் தடுத்து நிறுத்துவான்.

ராஜபாளையம் நாய்க்கு நாடு முழுக்கப் பெயர். அந்தப் பெருமை இருக்கட்டும். தெருநாய் கடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், சொன்ன தேதியிலெல்லாம் போய் மிச்ச ஊசிகளையும் போட வேண்டும் என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். பக்கத்திலே சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது என்ன? ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. பேண்டேஜும் காஸும் அங்கேயிருந்து ஊர் ஊராகப் போகின்றன. அதை நெய்கிற கையில் காயம் பட்டால் அழுக்குத் துணியைக் கிழித்துச் சுற்றுகிறோம்! 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் என்று எழுதிவைத்தார்கள். பெட்டியை நாமும் பல மில்லில் பார்த்திருக்கிறோம். சுவரில் அழகாக மாட்டியிருக்கும். சாவி ஆபீஸில் இருக்கும். ஆபீஸர் வீட்டில் இருப்பார்.

மில் தோழர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். வார லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது நெஞ்சைப் பிடிக்கிறதா? இளைக்கிறதா? இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சற்றுத் தேவலை என்று தோன்றுகிறதா? பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நோயின் முதல் அடையாளம் இது. மேல்நாட்டு மில்களில் இதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே சொன்னார்கள். ஆரம்பத்தில் தூசியைவிட்டு விலகினால் தெளிந்துவிடும். விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் முற்றி, பிறகு ஏழு நாளும் இளைப்புத்தான். நுரையீரல் திரும்ப வராது. பீடி சேர்ந்தால் இன்னும் மோசம். சட்டப்படி நஷ்டஈடு கேட்கக்கூடிய தொழில்நோய் இது. ஆனால் "ஆஸ்துமா" என்று ஒரு சீட்டோடு எத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்! கார்டிங்கில் வேலை செய்யும் அப்பாவின் மூச்சை எந்த நாளில் எப்படி இருக்கிறது என்று ஒரு மகனால் எழுதிவைக்க முடியும். அந்த நோட்டு டாக்டருக்கு உதவும். சங்கத்துக்கும் உதவும்.

நோட்டு என்றோம். அதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருக்க வேண்டும். யார் பெயரும் அதில் இருக்கக் கூடாது. இந்த மாதம் ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள், எத்தனை பேர் கக்கூஸுக்கு விடவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டார்கள், பூச்சிமருந்து அடித்துவிட்டு எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் போதும். "எங்கள் மில்லில் எல்லோரும் சௌக்கியம்" என்று சொல்கிறவர்கள் முன்னால் வைக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதெல்லாம் பேசும்போது தாய்மார்கள் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறோம். போன வாரம் ஒரு மதினி கேட்டார்: "வயசுக்கு வந்த பிள்ளைகிட்ட இதையெல்லாம் பேசினா கெட்டுப் போகாதா?" நியாயமான பயம். ஆனால் மதினி, பிள்ளை ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரி போர்வைக்குள்ளே செல்போனில் எதையோ பார்த்துக் கற்றுக்கொள்கிறது. முதல் தடவை ரத்தத்தைப் பார்த்துச் சாகப்போகிறோம் என்று அழுத பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். உங்கள் மகளும் அப்படி அழ வேண்டுமா? பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நர்ஸம்மாதான் எடுப்பார், தனியாக உட்காரவைத்து. பையன்களுக்கும் அது தெரிய வேண்டும், ஆனால் வேறு நேரத்தில். கூட வேலை செய்கிற பெண் ஒருநாள் சோர்ந்து உட்கார்ந்தால் கேலி செய்யாமல் இருக்கவாவது அவனுக்குத் தெரிய வேண்டும்.

பையன்களுக்கென்றும் ஒரு பாடம் இருக்கிறது. உதட்டுக்கடியில் வைக்கிற பொட்டலம் எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்கிறது என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். அப்பா அடித்தால் அது நிற்பதில்லை, கூட்டாளி விட்டால் நிற்கிறது. பரீட்சையில் தோற்றுவிட்டு, காதலில் தோற்றுவிட்டு உயிரை விடத் துணிகிற பிள்ளை முதலில் ஜாடை காட்டுவது கூட்டாளியிடம்தான். அந்தக் கூட்டாளி அதை ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், 14416 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து அந்த எண்ணில் சும்மா பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டி வையுங்கள். வயல்வீட்டுக்காரர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

மற்ற ரகசியங்களை வெளியே விடக் கூடாது. இன்னார் மகளுக்குக் காசநோய் என்று கிணற்றடியில் பேசினால் அந்தப் பெண்ணுக்கு ஆறு மாத மாத்திரை குணம் தரும், ஆனால் கல்யாணம் நடக்காது. பேச்சு நீளமான பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இந்த வேலைக்கு ஆகாது. அதேபோல் ஊசி போடவோ, மாத்திரை எழுதிக்கொடுக்கவோ கூடாது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிற ஊர் இது. நாலு நாள் பயிற்சி பெற்ற பையனிடம் போய், "தம்பி, ஒரு ஊசி போட்டுவிடேன்" என்று கேட்கிறவர்கள் கிளம்புவார்கள். கேட்காதீர்கள்.

இனி எங்கள் தப்பையும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காரியத்தை ஒரு தடவை ஆரம்பித்தோம். இருபது பிள்ளைகளைப் பொறுக்கினோம். எப்படிப் பொறுக்கினோம்? கமிட்டித் தோழர்கள் வீட்டுப் பிள்ளைகள். பதினேழு பேர் பையன்கள். காலனித் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. வேண்டுமென்று விடவில்லை, ஆனால் நினைவும் வரவில்லை. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து மூன்று மணி நேரம் படம் மாட்டிப் பேசவைத்தோம். அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் மைக்செட்காரர் மட்டும் வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் தீர்மானம் போட்டுவிட்டு எழுந்துவிட்டோம். வெகுநாள் கழித்து, வந்திருந்த மூன்று பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "நீங்க எங்களை ஒரு கேள்விகூடக் கேக்கலையே மாமா." அக்கறை இல்லாதவர்கள் பிள்ளைகள் அல்ல.

ஆகவே இந்தத் தடவை பிள்ளைகளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். "உனக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போய்ச் சொல்லுவாய்?" என்று தெருவுக்குத் தெரு கேட்போம். எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அந்தப் பிள்ளை. முதல் பெயர் காலனித் தெருவிலிருந்து எழுதுவோம்.

இன்னொரு கேள்வி. பாட்டாளி வீட்டுத் தகப்பன் கேட்கத்தான் செய்வான்: "இதனால் என் பிள்ளைக்கு என்ன ஆதாயம்?" மழுப்பாமல் பதில் சொல்கிறோம். இப்போதைக்குச் சம்பளம் கிடையாது. சர்க்கார் திட்டத்திலும் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. அது சரிதான் என்றும் நாம் சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் ஏழைகளின் சுகாதார உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். 1977 அக்டோபர் 2ஆம் தேதி மத்திய சர்க்கார் ஆயிரம் பேருக்கு ஒரு சமூக சுகாதார ஊழியர் என்று ஆரம்பித்தது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய். 'ஊழியர்' என்றால் சம்பளம் கேட்பார்கள் என்று பிறகு 'தொண்டர்' என்று மாற்றினார்கள், அப்புறம் 'வழிகாட்டி' என்றார்கள். பெயர் இரண்டு தரம் மாறிற்று, 50 ரூபாய் மாறவில்லை. திட்டம் தானாகத் தேய்ந்துபோயிற்று. 2005இல் ஆஷா வந்தது. பத்து லட்சம் பெண்கள். 2022 மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. அதே பெண்கள் எங்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள் என்று தெருவில் நின்று கோஷம் போட வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்த நமக்குச் சம்மதமில்லை. பதினைந்து வயதில் கூட்டாளிக்குச் சொல்வது படிப்பின் ஒரு பாகம். பதினெட்டு வயதுக்கு மேல் அதே வேலையைச் செய்தால் அதற்குச் சம்பளம் வேண்டும், உத்தியோகம் வேண்டும்.

அந்த வழி இருக்கிறதா? இருக்கிறது. தர்மபுரி ஜில்லாவில் மலைகளுக்கு நடுவே சித்திலிங்கி என்ற பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதிகள் அங்கே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் நூற்றைம்பதை ஒட்டிச் செத்துக்கொண்டிருந்தன. அவர்கள் பட்டணத்திலிருந்து நர்ஸ்களைக் கொண்டுவரவில்லை. அந்த மலைவாழ் ஜனங்களின் இளம்பெண்களையே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷனில் கூட நின்றார்கள், ரத்தம் பரிசோதித்தார்கள். ஆஸ்பத்திரியே அவர்கள் தோளில் நின்றது. குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. நீலகிரியில் கூடலூரிலும் 1990 முதல் ஆதிவாசிகளின் ஆஸ்பத்திரி நடக்கிறது. அங்கேயும் நர்ஸ்கள் ஆதிவாசிப் பெண்களே. அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிலத்துக்காகப் போராடிய சங்கம் ஒன்று இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

சங்கம் என்றதும் சத்தீஸ்கர் ஞாபகம் வருகிறது. தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள். குசும் பாய் என்ற சங்கத் தலைவி பிரசவத்தில் வைத்தியம் கிடைக்காமல் செத்துப்போனார். தொழிலாளர்கள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சங்கர் குஹா நியோகி தலைமையில் தாங்களே செங்கல் சுமந்து ஆஸ்பத்திரி கட்டினார்கள். 1977இல் துப்பாக்கிச் சூட்டில் மடிந்த தோழர்களின் நினைவாக 'ஷஹீத் ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்து 1983 ஜூன் 3ஆம் தேதி திறந்தார்கள். சுரங்கத்தில் வேலை முடித்துவிட்டு வந்து கட்டுப் போடவும் மருந்து கொடுக்கவும் அந்தத் தொழிலாளர்களே கற்றுக்கொண்டார்கள். நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. நாலு பிள்ளைகளைப் பழக்கவுமா முடியாது?

நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வழியும் இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்தால் இரண்டு வருஷத்தில் துணைச் செவிலியர் படிப்பு. துணைச் சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வர அதுதான் வாசல். மருந்தாளர், லேப் டெக்னீஷியன் படிப்புகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் ஆரம்பமாயிற்று. டாக்டர் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2020இல் சட்டம் வந்தது. கதவு இருப்பது தெரியாமலே நம் பிள்ளை மில் கேட்டுக்குள் போய்விடுகிறது. கூட்டாளியாக இரண்டு வருஷம் நடந்த பிள்ளைக்கு அந்தக் கதவு கண்ணில் படும். அந்த அனுபவத்துக்குச் சர்ட்டிபிகேட் கொடு, செவிலியர் படிப்பில் சேர்க்கும்போது அதைக் கணக்கில் எடு, பயிற்சி நாளில் சாப்பாடும் பஸ் காசும் கொடு, வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைய கூலியைக் கொடு என்பவை நம் கோரிக்கைகள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "உங்கள் ஊரில்தான் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று சொல்லி, நர்ஸைக் குறைக்கவோ ராத்திரி டாக்டரை எடுக்கவோ யாராவது பார்த்தால் விடக் கூடாது. பாம்பு கடித்தவனைப் பிள்ளை சரியாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும். மருந்தும் டாக்டரும் அங்கே இல்லையென்றால் பிள்ளை என்ன செய்யும்?

காரியத்துக்கு வருகிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் முதல் வகுப்பு. இரண்டு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லை. நர்ஸம்மா ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பேச்சு குறைவு. உப்பும் சர்க்கரையும் டீஸ்பூனும் குடமும் வைத்துப் பிள்ளைகளே கரைத்துப் பார்ப்பார்கள். சத்திரப்பட்டித் தோழர் ஒருவர் ஒரு பீஸ் கட்டுத்துணி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்க வேண்டிய பெண்களுக்காக அதே வகுப்பு மாலை நாலு மணிக்கு இன்னொரு தடவை நடக்கும். அடுத்த வாரம் வட்டார மருத்துவ அலுவலரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். அதில் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பெயர் எழுதும் நோட்டு மேஜைமேல் இருக்கிறது. பின்னால் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருக்கிற தம்பிகள் முன்னால் வாருங்கள். பெண்பிள்ளைகள் பெயரைத் தாய்மார்கள் சொன்னால் போதும், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம்.